பித்தளைப் பொருளைப் படமெடுக்க ஒளிக்கூடாரம் ஏன் உதவுகிறது?

ஒளிக்கூடாரம் என்பது பொருளைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிய பெட்டி, அவ்வளவுதான். பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிய குத்துவிளக்கை வெறும் பல்பின் கீழ் படமெடுத்தால் ஓரிடம் கண்ணைக் கூசும், மறுபக்கம் கறுத்துவிடும். பல்பு சிறியது என்பதே காரணம். துணி அந்த ஒளியைப் பரப்பி, தானே பெரிய விளக்காகிவிடுகிறது; ஒளி வரும் பரப்பு பெரிதானால் நிழல் மென்மையாகும். உச்சிவெயிலில் கூர்மையாக விழும் நம் நிழல், மழைமேகம் மூடியதும் கரைவதைப் போல.

அட்டைப்பெட்டியின் இரு பக்கமும் மேற்புறமும் வெட்டி மெல்லிய துணி ஒட்டுங்கள். உள்ளே பின்னணியாக வெள்ளை மணிலா அட்டையை மடிக்காமல் வளைத்து வையுங்கள். இரண்டு எல்.இ.டி. விளக்குகள் போதும், சூடாகும் பல்பு துணியைக் கருக்கும்.

பின்னணி சாம்பலாக வந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் வெள்ளையைக் கண்டு கேமராதான் ஒளியைக் குறைக்கிறது, எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏற்றிப் பாருங்கள்.