பிரேசிலின் விமானத் தொழில் எப்படி ஓர் ஊரில் குவிந்தது? – கேள்வி பதில்

கேள்வி: அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைப்பது வடக்கே பாரா மாநிலத்தில். விமானம் கட்டும் எம்ப்ரேயர் நிறுவனத்தின் ஆலையோ தெற்கே சாவ் ஜோசே டோஸ் காம்போஸில். ஏன் இந்தத் தூரம்?

பதில்: தாது இங்கே ஒரு பொருட்டே இல்லை. விமானத் தரத்து அலுமினியத் தகடு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. ஆலையை இழுத்தது பொறியாளர் கூட்டம்தான். ஐ.டி.ஏ. என்ற விமானப் பொறியியல் கல்லூரியை விமானப்படை 1950-ல் இந்த ஊரில் நிலைநிறுத்தியது. அதன் திட்டத்தை வகுத்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்மித். அதை ஒட்டிய ஆய்வு மையம் வடிவமைத்த பண்டெய்ராண்டே விமானம் 22-10-1968 அன்று பறந்தது. அதைத் தயாரிக்கத்தான் 1969 ஆகஸ்டில் எம்ப்ரேயர் உருவானது. முதல் தலைவர் ஓசிரெஸ் சில்வாவும் ஐ.டி.ஏ. மாணவரே. அதற்கு முன் இந்த ஊர் காசநோய் மருத்துவமனைகளுக்குப் பேர்போனது!

கேள்வி: சாவ் பாவ்லோவிலேயே வைத்திருக்கலாமே?

பதில்: அங்கிருந்து டுத்ரா நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 90 கி.மீ.தான். சரக்கு இறங்கும் குவாருல்யோஸ் விமான நிலையமும் அதே சாலையில். பெருநகரின் வசதி கிடைத்தது, அதன் நில விலை ஒட்டவில்லை.

கேள்வி: எம்ப்ரேயரின் முதல் தலைமுறை இ-ஜெட் விமானங்களில் எஞ்சின் ஜி.இ., மின்னணுக் கருவி ஹனிவெல்; இரண்டுமே அமெரிக்க நிறுவனங்கள். இதில் தேசியம் எங்கே?

பதில்: வடிவமைப்பு, இறுதி அசெம்பிளி, சான்றிதழ், விற்பனை ஆகிய நான்கும் எம்ப்ரேயர் கையில் இருக்கின்றன, லாபமும் அங்கேதான். இ-ஜெட்டுக்கு முந்தைய இ.ஆர்.ஜே.-145 ஜெட் விமானத்துக்கு இறக்கையை ஸ்பெயினின் கமேசாவும், உடற்பகுதித் துண்டுகளைப் பெல்ஜியத்தின் சொனாகாவும், வால் பாகங்களைச் சிலியின் எனாயரும் செய்தன. அவை சப்ளையர்கள் மட்டுமல்ல, வடிவமைப்புச் செலவையும் நஷ்ட அபாயத்தையும் பங்கிட்ட கூட்டாளிகள். 1994 டிசம்பரில் தனியார்மயமான, கையில் காசில்லாத நிறுவனத்துக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சிக்கல் தூரத்தில்தான். கடல் தாண்டி வரும் துண்டு தாமதித்தால் அசெம்பிளி லைன் நிற்காது. விமானம் அந்தத் துண்டு இல்லாமலே அடுத்த நிலையத்துக்கு நகரும். பிறகு மூடிய பேனலைக் கழற்றி, வரிசை மாறி வேலை பார்க்க வேண்டும். மனித மணி கூடும், பிழையும் கூடும். அதனால் அடுத்த இ-ஜெட் வரிசையில் கூட்டாளிகளையே அருகில் இழுத்தார்கள்: பிரான்சின் லத்தேகோயர் பக்கத்து ஊரான ஜக்கரேயிக்கு வந்தது, ஜப்பானின் கவாசாகி இறக்கை வேலைக்காக, எம்ப்ரேயரின் இன்னொரு ஆலை இருக்கும் கவியாவ் பெய்ஷோட்டோவுக்கு வந்தது.

கேள்வி: கவியாவ் பெய்ஷோட்டோவில் 4,967 மீட்டர் ஓடுபாதையாமே, எதற்கு?

பதில்: சோதனைப் பறப்புக்கு. பிரேக் சோதனைக்கும், ஓடத் தொடங்கிப் பாதியில் கைவிடும் டேக்-ஆஃப் சோதனைக்கும் மிச்ச நீளம்தான் பாதுகாப்பு. சுற்றிலும் கரும்பும் ஆரஞ்சுத் தோட்டமும் என்பதால் இடநெருக்கடி இல்லை.

கேள்வி: பிரேசிலின் கரன்சியான ரியால் சரிந்தால் ஏற்றுமதியாளருக்குக் கொண்டாட்டம்தானே?

பதில்: அரைக் கொண்டாட்டம். விற்பனை டாலரில், பாகங்களும் டாலரில். ரியாலில் போவது சம்பளமும் உள்ளூர்ச் செலவும். அந்தப் பங்கில் மட்டுமே ஆதாயம்.

கேள்வி: சுற்றியுள்ள சிறு பட்டறைகள் ஏன் பெரிதாக வளரவில்லை?

பதில்: அவை விற்றது பொருளை அல்ல, இயந்திர மணியை. உலோகமும் வரைபடமும் எம்ப்ரேயர் தரும்; பட்டறை கடைந்து திருப்பித் தரும். ஜாப் ஒர்க்கில் முதலீட்டுச் சுமை குறைவு, ஆனால் வடிவமைப்பு அறிவு சேராது, வேறு வாடிக்கையாளரும் சேரமாட்டார். 2009 பிப்ரவரியில் எம்ப்ரேயரே சுமார் 4,200 பேரை நீக்கியது. ஆர்டர் குறையும்போது வெளியே கொடுத்த வேலையைத்தான் முதலில் உள்ளே இழுப்பார்கள்.