தோள் வலிக்கு எலும்பைச் சீவ வேண்டுமா?

கேள்வி: வயது 54. நான்கு மாதமாக வலது தோளில் வலி. கையைத் தூக்கினாலும் அந்தப் பக்கம் படுத்தாலும் வலிக்கிறது, சொடக்குச் சத்தமும் கேட்கிறது. எம்.ஆர்.ஐ.யில் 'இம்பிஞ்ச்மென்ட் (தோள் மேல் எலும்புக்கடியில் தசைநாண் உரசுதல்), எலும்பு வளைவு, தசைநாணில் பாதிக் கிழிசல்' என்று இருக்கிறது. எலும்பைச் சீவாவிட்டால் முழுதும் கிழிந்து கை செயலிழந்துவிடும் என்கிறது யூடியூப். மருந்துக்கடைக்காரரைக் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையில் காலத்தை ஓட்டுகிறேன்.

பதில்: கை செயலிழக்காது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், வலியே இல்லாத தோளிலும் இப்படிக் கிழிசல் தெரிவதுண்டு. நரை மாதிரிதான். வலியில்லாத சொடக்கை மறந்துவிடுங்கள்.

எலும்பைச் சீவுவதால் என்ன பயன் என்று பிரிட்டனில் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு எலும்பைச் சீவினார்கள். இன்னொரு சாராருக்குத் தோளுக்குள் கேமரா குழாயை விட்டுப் பார்த்ததோடு சரி, சீவவில்லை. இரு சாராருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கீழே விழுந்த பிறகோ, பாரத்தைச் சட்டென்று இழுத்த பிறகோ, கையைத் தானாகத் தூக்க முடியவில்லையா? மறு கையால் தூக்கிவிட்டால் மேலே போய், விட்டதும் பொத்தென்று விழுகிறதா? தசைநாண் முழுதாக அறுந்திருக்கலாம். அந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போங்கள். மாதக்கணக்கில் தள்ளினால் அறுந்த முனை உள்ளே சுருங்கி, தசையில் கொழுப்பு படிந்துவிடும். பிறகு தைத்தாலும் சரியாகப் பிடிக்காது. உங்களுக்கு வலித்தாலும் கை மேலே போகிறது. ஆகவே அவசரமில்லை.

மறு கையால் தூக்கினாலும் மேலே போகாமல் இறுகி நின்றால் அது உறைந்த தோளாக (மூட்டைச் சுற்றிய உறை இறுகிப்போவது) இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும் என்பதால் சர்க்கரையைப் பாருங்கள்.

12 வாரம் பயிற்சி செய்யுங்கள். அக்குளில் சுருட்டிய துண்டு, முழங்கை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டி இருக்கட்டும். கதவுக் கைப்பிடியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுத்து, மூன்று எண்ணி மெல்ல விடுங்கள். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று. தோளைக் காதுவரை உயர்த்திக்கொண்டு இழுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. அப்படிச் செய்தால் கழுத்துத் தசைதான் உழைக்கும். லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலையிலும் கூடுதலாக இருந்தால் பட்டையைத் தளர்த்துங்கள். மூன்றாவது வாரம் "ஒன்றும் குறையவில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

தூக்கமே கெடும் அளவுக்கு வலித்தால் ஒரு ஸ்டீராய்டு ஊசி உதவும். சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் அளவு ஏறும். மருந்துக்கடைக்காரரைக் கேட்டு நான்கு மாதம் டைக்ளோஃபெனாக் போடுவது எந்த ஊர் வைத்தியம்? நிறுத்திவிட்டு, இந்த வாரமே ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள்.