தோற்ற கட்சி எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தேர்தலில் தோற்ற கட்சி மீண்டும் எழுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் புதுச்சேரியை வைத்தே சொல்கிறேன். 2016-இல் 15 இடங்களை வென்ற காங்கிரஸ், 2021-இல் 2 இடங்களுக்குச் சுருங்கியது.

தலைவரை மாற்றுவதெல்லாம் அப்புறம். முதலில் படிவம் 20-ஐ எடுங்கள். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். 2021-இல் இங்கே ஒரு தொகுதிக்குச் சராசரியாகச் சுமார் 33,000 வாக்காளர்கள்தான் இருந்தார்கள். நான்கு தெரு கைவிட்டாலே முடிவு மாறிவிடும். சரி, அந்தத் தெருவுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, மூடிக் கிடந்த ரேஷன் கடைக்காகத் திட்டும் அம்மாவிடம் மறுபேச்சில்லாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, புது ஆட்கள் வளர உள்ளாட்சிதான் படிக்கட்டு. இங்கே 2006-க்குப் பிறகு பல ஆண்டுகளாக உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. அதற்காகத் தோற்ற கட்சிதான் முதலில் குரல் கொடுக்க வேண்டும்.