பாடநூலாசிரியர் சங்கம் உறுப்பினருக்கு எப்போது தேவைப்படுகிறது?

கேள்வி: கல்லூரிப் பேராசிரியர்கள், பாடநூல் எழுதுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய சங்கம் எங்களுடையது. சந்தா கட்டுகிறார்கள். ஆனால் அனுப்பும் கடிதங்களைப் படிப்பதில்லை, கூட்டத்துக்கும் வருவதில்லை. உறுப்பினர்களுடனான தொடர்பையும் சேவைகளையும் எப்படி மேம்படுத்துவது?

டெல்லியில் இப்படி ஒரு சங்கத்தின் செயற்குழுவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உறுப்பினர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பாடநூல் எழுதும் பேராசிரியருக்குச் சங்கத்தின் நினைவு வருவதே சில நாட்களில்தான். ஒப்பந்தம் கையெழுத்துக்கு வரும் நாள், ராயல்டி, அதாவது விற்பனையில் ஆசிரியருக்குச் சேரும் பங்கின் கணக்கு வரும் நாள், வர வேண்டிய கணக்கு வராமல் போகும் நாள், புதிய பதிப்புக்குத் திருத்தம் கேட்டு அழைப்பு வரும் நாள். அந்த நாட்களில் விஷயம் தெரிந்த ஒருவர் போனை எடுத்தால் போதும், மற்றக் கடிதங்களையும் படிப்பார்கள்.

ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் பொருளியல் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். "சார், பப்ளிஷர் நாளைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்றாங்க. இதுல என்ன பார்க்கணும்?" பன்னிரண்டு பக்க ஒப்பந்தம், பொடி எழுத்து. "அவசரப்படாதீங்கம்மா, முதல்ல ராயல்டி எதுமேல கணக்குன்னு பாருங்க" என்றேன். பத்து சதவீதம் என்று போட்டிருந்தது. அச்சிட்ட விலை மேலா, பதிப்பகத்தின் கைக்கு வரும் தொகை மேலா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 500 ரூபாய்ப் புத்தகத்தை விற்பனையாளருக்கு 40 சதவீதக் கழிவில் கொடுத்தால் பதிப்பகத்துக்கு வருவது 300. ஆசிரியருக்கு முதல் வகையில் 50 ரூபாய், இரண்டாம் வகையில் 30. தரியாகஞ்ச் அன்சாரி சாலைப் பதிப்பகமானாலும் பன்னாட்டுப் பதிப்பகமானாலும் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. அடுத்த பதிப்பைத் திருத்த ஆசிரியர் மறுத்தால் வேறொருவரை வைத்துத் திருத்தலாம், அவருக்கான தொகையை ஆசிரியரின் ராயல்டியில் பிடித்துக்கொள்ளலாம் என்று. பாடத்திட்டம் அடிக்கடி மாறும் நாட்டில் இது சின்ன விஷயமே இல்லை. எவ்வளவு பிடிக்கலாம், அட்டையில் யார் பெயர் முதலில் வரும் என்று அப்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சட்டமும் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவைச் செயற்குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுக்கும் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்தெந்த நாடுகளுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் விட்டால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. பல ஒப்பந்தங்களில் 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்று ஒரே வரியில் எழுதி இந்தப் பாதுகாப்பையெல்லாம் தாண்டிவிடுகிறார்கள். கையெழுத்துக்கு முன்னால் இதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பின்னால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அதனால் நீங்கள் ஒரே ஒரு சேவையைத்தான் தொடங்க முடியும் என்றால் ஒப்பந்தம் படித்துச் சொல்வதைத் தொடங்குங்கள். அனுபவமுள்ள இரண்டு உறுப்பினர்கள், தேவைப்பட்டால் கலந்து பேச ஒரு வழக்கறிஞர், மூன்று வேலை நாட்களுக்குள் பதில். இவ்வளவுதான். அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய பாடநூல், கல்விசார் நூலாசிரியர்கள் சங்கம் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டும் செலவில் ஒரு பகுதியை உறுப்பினருக்குத் திருப்பித் தரும் உதவித்தொகை வைத்திருக்கிறது. நம் சந்தாவில் அது கட்டுப்படியாகாது. ஆனால் மூத்தவர்கள் நேரம் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள், கேட்க வேண்டும்.

கடிதங்களை நாட்காட்டி பார்த்து அனுப்புங்கள். பல பதிப்பகங்கள் மார்ச்சில் கணக்கு முடிக்கின்றன. ஜூனில் 'ராயல்டி கணக்கு வந்ததா? எத்தனை பிரதி விற்காமல் திரும்பி வந்ததாகக் காட்டியிருக்கிறார்கள்?' என்று நான்கு வரி போதும். வரி தாக்கல் நேரத்தில் இன்னொன்று. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு நூல் ராயல்டியில் 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. பள்ளிப் பாடநூலுக்குக் கிடையாது, கல்லூரி நூலுக்குக் கேட்கலாம், பதிப்பாளரிடமிருந்து அதற்கான சான்றுப் படிவம் வாங்க வேண்டும். இது தெரியாமலே ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் எத்தனையோ பேர்.

ஓய்வு என்றதும் அப்புறம் ஒன்று. கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி ஓய்வுக்குப் பிறகு பல இடங்களில் மூடப்பட்டுவிடும். உங்கள் கடிதத்தைப் படிக்கவில்லை என்று நீங்கள் நினைக்கும் சிலருக்கு அது போய்ச் சேரவே இல்லை. சொந்த முகவரியும் வாட்ஸப் எண்ணும் இப்போதே வாங்கி வையுங்கள். கூட்டத்தை நொய்டாவிலிருந்தும் துவாரகாவிலிருந்தும் ஒரே மெட்ரோவில் வரக்கூடிய மண்டி ஹவுஸ் பக்கம், ஞாயிறு காலையில் வைத்தால் வருகை கூடும். ஜனவரிப் பனிமூட்டத்தில் மட்டும் வேண்டாம்.

உறுப்பினர்கள் பெயரில் பேசுவதற்கு முன் அவர்களைக் கேளுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். 2012இல் டெல்லி பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள், தங்கள் நூல்களின் பகுதிகளை மாணவர்களுக்கு நகலெடுத்து விற்கிறது என்று வழக்குப் போட்டன. அந்த வழக்கை எதிர்த்தவர்களில் அமர்த்தியா சென் உட்பட நூலாசிரியர்களே பலர் இருந்தார்கள். தங்கள் எழுத்து மாணவர்களைச் சேர வேண்டும் என்பது அவர்கள் கவலை. 2016இல் உயர் நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. ஆசிரியர்களின் நலன் என்ன என்பதை ஆசிரியர்களிடமே கேட்காமல் யாரும் முடிவுசெய்யக் கூடாது. ஓர் அறிக்கை விடுவதற்கு முன் ஒரு வாரம் கருத்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, பெரும்பாலான சங்கங்கள் தொடாத வேலை. பதிப்புரிமை ஆசிரியரின் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆனால் எந்தப் புத்தகம் எந்தப் பதிப்பகத்தில், ஒப்பந்தம் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. கரோல் பாக்கில் ஒரு பேராசிரியரின் மனைவி, அவர் போன பிறகு வங்கிப் புத்தகத்தில் ஆண்டுக்கொரு முறை வந்திருந்த தொகையைப் பார்த்துத்தான் அப்படி ஒரு வருமானம் இருந்ததையே தெரிந்துகொண்டார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தாள் நிரப்பி வாங்குங்கள்: நூலின் பெயர், பதிப்பகம், ஒப்பந்தத் தேதி, ராயல்டி விகிதம், வாரிசின் பெயரும் தொலைபேசி எண்ணும். ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி அவர் வீட்டில். ஆண்டுச் சந்தா புதுப்பிக்கும்போது அந்தத் தாளையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.