வளையம் திறந்துகொண்டது என்று ஒருவர் எழுதினால்

கேள்வி: நாய், பூனைகளுக்கான கழுத்துப்பட்டை, பிடிவார், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ், கழுத்தில் கட்டும் அலங்காரத் துணி எல்லாவற்றையும் வீட்டிலேயே தைத்து ஆன்லைனில் விற்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. ஆர்டர் வருகிறது, ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அளவு பொருந்தவில்லை என்று திரும்பி வருவது அதிகம். போன வாரம் ஒருவர், நடை போகும்போது பட்டையின் வளையம் திறந்துகொண்டது, நாய் ஓடிவிட்டது, நல்லவேளை பிடித்துவிட்டோம் என்று எழுதியிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விலையைக் குறைத்தால் ஆர்டர் கூடி நிலைமை சரியாகுமா?

பதில்: விலையைப் பற்றிக் கடைசியில் பேசலாம். முதலில் அந்த வளையம்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தது சரிதான், ஆனால் வேலை அதோடு முடியவில்லை. அதே பையிலிருந்து எடுத்த வளையங்கள் இன்னும் எத்தனை நாய்களின் கழுத்தில் இருக்கின்றன? இன்றே ஆர்டர் பட்டியலை எடுத்து, அந்த வளையம் வந்த நாளிலிருந்து பட்டை வாங்கிய எல்லோருக்கும் எழுதுங்கள். "வெளியே நடக்க இதைப் பயன்படுத்த வேண்டாம், மாற்றுப் பட்டை அனுப்புகிறேன்" என்ற இரண்டு வரி போதும். நஷ்டம்தான். ஆனாலும் இதைச் செய்யாமல் அடுத்த பட்டையைத் தைக்காதீர்கள். எனக்கும் ஆரம்பத்தில் இதே போல நடந்தது. அந்த நாய் பிரதான சாலைக்கு ஓடி, கிடைக்கும் வரை இரண்டு மணி நேரம் நான் போன் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டையின் உள்பக்கமும் ஒரு சின்னத் துணி லேபிளில் எண் தைக்கிறேன். எந்த நாடா, எந்த வளையம், எந்த நூல் என்பது அந்த எண்ணுக்கு நேரே நோட்டில் இருக்கும்.

நீங்கள் விற்பதில் பாதி அலங்காரப் பொருள், பாதி பாரம் தாங்கும் பொருள். இரண்டையும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்தான் உங்கள் சிக்கல் எல்லாம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஒரு சின்னக் கணக்கு: 20 கிலோ நாய் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடிப் போய், பிடிவார் இறுகி கால் மீட்டருக்குள் நிற்கிறது என்று வையுங்கள். அந்த நொடியில் வளையத்தில் விழும் இழுப்பு, சராசரியாக 100 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். நாயின் எடையைப் போல ஐந்து மடங்கு. கம்பியை வளைத்து முனைகளைச் சும்மா ஒட்ட வைத்திருக்கும் வளையம் இதைத் தாங்காது. முனை பற்றவைத்த வளையமே வேண்டும். நகத்தை வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் இடுக்கு இருந்தால் அது பைக்கும் சாவிக்கொத்துக்கும்தான் ஆகும். 25 மி.மீ. அகலப் பட்டைக்கு நான் 4 மி.மீ. தடிமனுக்குக் குறைந்த வளையம் போடுவதில்லை. காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. முலாம் தேய்ந்ததும் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகும் பித்தளையும் விலை கூடினாலும் நிம்மதி.

நாடாவிலும் ஏமாற்று உண்டு. நைலான் என்று சொல்லி பாலிப்ரொப்பிலீன் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு துண்டை வெட்டித் தண்ணீருக்குள் அழுத்திக் காற்றுக் குமிழிகள் போகும்வரை பிசைந்து விட்டுவிடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், மூழ்கினால் நைலானோ பாலியஸ்டரோ. பாலிப்ரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும். கழுத்தில் சொரசொரப்பாகவும் இருக்கும். நைலான் உறுதி, ஆனால் நனைந்தால் சற்று நீளும். அடிக்கடி நனையும் நாய்க்குப் பாலியஸ்டர் நல்லது. நூல் பாலியஸ்டர் நூலாகவே இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் மட்கிவிடும், அதுவும் தையலுக்கு உள்ளே மட்குவதால் வெளியே தெரியாது. வளையம் கோக்கும் இடத்தில் சதுரம் தைத்து அதற்குள் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் போடுங்கள். நாடா நுனியைச் சூட்டில் உருக்கும்போது வரும் கெட்டி விளிம்பு தோலை அறுக்கும், அது மடிப்புக்குள் போய்விட வேண்டும்.

புதிதாக நாடாவோ வளையமோ வாங்கினால், முதலில் ஒரு மாதிரிப் பட்டை தைத்து ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் உறுதியான ஒரு கம்பியில் மாட்டி, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் கனமான மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, லேசாகத் தூக்கித் தூக்கி விடுங்கள். அறுந்தால் எது முதலில் போகிறது என்று பாருங்கள். அதைத்தான் மாற்ற வேண்டும்.

பூனைக்கு நேர் எதிர். பூனைப் பட்டை இழுத்தால் திறந்து கழல வேண்டும். கிளையிலோ வேலியிலோ மாட்டிக்கொண்டால் தானாகத் திறக்கும் பாதுகாப்புப் பக்கிள் இல்லாத பட்டையைப் பூனைக்கு விற்கவே கூடாது. அதற்குப் பதிலாக எலாஸ்டிக் வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எலாஸ்டிக் இழுபடும் இடைவெளியில் பூனை முன்னங்காலை நுழைத்துக்கொண்டு, அக்குளில் புண்ணாகும் வரை மாட்டிக்கொள்ளும். அதேபோல, பூனைப் பட்டையோடு பிடிவாரைச் சேர்த்து செட்டாக விற்காதீர்கள். இழுத்ததும் திறந்துகொள்வதுதானே அந்தப் பக்கிளின் வேலை. ரிப்பன், தொங்கும் நூல், மணி, பொத்தான் எல்லாம் படத்தில் அழகுதான். ஆனால் பூனை விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி இழுத்துவிடும், பெரும்பாலும் அறுவை சிகிச்சையில்தான் முடியும். வாசனைக்காக எண்ணெய் தெளிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு.

சரி, அளவுக்கு வருவோம். சிறியது, நடுத்தரம், பெரியது என்று போட்டிருந்தால் நாளைக்கே எடுத்துவிடுங்கள். இனத்தின் பெயரை வைத்து அளவு சொல்வதும் வேண்டாம். ஒரே இனத்தில் இரண்டு நாய்களுக்குக் கழுத்து ஒன்றாக இருப்பதில்லை. சென்டிமீட்டர் மட்டுமே. நான் மூன்று அளவுகள்தான் தைக்கிறேன்: 22 முதல் 32 வரை, 30 முதல் 46 வரை, 42 முதல் 64 வரை. ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைக் கவனியுங்கள். நடுவில் மாட்டும் நாய்கள்தான் பார்சலைத் திருப்பி அனுப்பவைப்பவை. வாங்குபவரிடம் "கழுத்தை அளந்து சொல்லுங்கள்" என்று கேட்டால், ரோமத்தின் மேல் தளர்வாக அளப்பார்கள், அல்லது இறுக்கி அளப்பார்கள். அதைவிட, "இப்போது போடும் பட்டையைக் கழற்றி, பக்கிள் தொடங்கும் இடத்திலிருந்து நீங்கள் மாட்டும் துளை வரை அளந்து, ஸ்கேலோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். எனக்குத் திரும்பி வருவது இந்த ஒரு வாக்கியத்தால்தான் குறைந்தது. பழைய பட்டை இல்லாதவர்கள் காகிதக் கீற்றைக் கழுத்தில் சுற்றி, உள்ளே இரண்டு விரல் நுழையும்படி விட்டுக் குறித்து அளக்கட்டும். குட்டி என்றால் வாரம் ஒரு முறை அந்த இரண்டு விரலை நுழைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டும் வையுங்கள். வளரும் கழுத்தில் பட்டை புதைந்துபோன குட்டிகளைப் பார்த்திருக்கிறேன், அதை மறக்க முடியாது.

திரும்பி வந்த பட்டையை மடித்து இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். படர்தாமரைக் கிருமி துணியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மனிதர்களுக்கும் தொற்றும். உலோகப் பாகங்களைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுக்கலாம், துணி போகட்டும்.

இப்போது பணம். ஒரு வாரம் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வெட்டுவது, நுனி உருக்குவது, தைப்பது, படம் எடுப்பது, வருகிற செய்திகளுக்குப் பதில் எழுதுவது, பார்சல் கட்டுவது, கூரியரில் கொடுத்துவிட்டு வருவது, எல்லாமே ஒரு பட்டைக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். தையல் நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் மொத்த நேரம் அதைப் போல இரண்டு மடங்கு வரும். அப்புறம் விலை இப்படி: பொருள் செலவு, நிமிடங்களுக்கான உங்கள் கூலி, விற்பனைத் தளமும் பணப் பரிமாற்றமும் பிடிக்கும் கட்டணம், பத்தில் ஒன்று திரும்பினால் அந்த நஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு. இவற்றைக் கூட்டினால் அது அடக்கவிலைதான், லாபம் அதற்கு மேல். உங்கள் விலை இந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழே இருந்தால், விலையைக் குறைத்து ஆர்டரைக் கூட்டுவது நஷ்டத்தைக் கூட்டுவதுதான்.

கணக்கு முடிந்ததும் ஹார்னஸ்தான் முதலில் கண்ணில் உறுத்தும். கழுத்து, மார்பு, முதுகு நீளம் என்று மூன்று அளவு வேண்டும், மூன்றில் எது தவறினாலும் திரும்பி வரும், தைக்க நேரமும் அதிகம். ஒரு வருடத்துக்கு அதை நிறுத்திவையுங்கள் என்பது என் ஆலோசனை. வகைகளையும் குறையுங்கள். 12 துணி வடிவமைப்பு, 3 அளவு, 2 அகலம் என்றால் 72 விதமான பட்டைகள். 4 வடிவமைப்பும் ஒரே அகலமும் என்றால் 12 தான். அப்போது இருபது பட்டையை ஒரே நாளில் வெட்டி, மறுநாள் இருபதையும் தைக்க முடியும். பெயர் பொறித்துக் கேட்பவர்களிடம் முன்பணமும், திரும்பப் பெற இயலாது என்ற ஒப்புதலும் முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

படத்துக்கு ஜன்னல் வெளிச்சமும், நாயின் கண்மட்டத்தில் வைத்த போனும் போதும். விவரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். "நடைக்கு ஏற்றது, 25 மி.மீ., பற்றவைத்த எஃகு வளையம்" என்று எழுதுங்கள். அலங்காரத் துணிக்கும் வில் முடிச்சுக்கும் "அழகுக்கு மட்டும், பிடிவார் மாட்டக் கூடாது, தனியாக விடும்போது கழற்றிவிடவும்" என்று எழுதுங்கள். சிவப்பு, நீலத் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே வாங்குங்கள், வெள்ளை ரோமத்தில் ஏறிய சாயம் வாரக்கணக்கில் நிற்கும்.

விலை ஏற்றினால் சிலர் போய்விடுவார்கள். வளையத்தைப் பற்றியும் அளவைப் பற்றியும் இவ்வளவு வெளிப்படையாக எழுதும் கடையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காத நாய் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் தைக்க வேண்டியது அவர்களுக்குத்தான். கையில் இருக்கும் ஆர்டர்களைப் பழைய விலைக்கே, ஆனால் புதிய வளையம் போட்டு முடித்துக்கொடுங்கள். புகார் எழுதியவரிடம் அந்தப் பட்டையை உங்கள் செலவில் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வளையம் விரிந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுப் புதிய சரக்குக்குச் சொல்லுங்கள்.