மூன்று நாளில் திராட்சைத் தோட்டம்: நாசிக்கா, நந்தி மலையா?

புதுச்சேரி லாஸ்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பிப்ரவரியில் எனக்கும் மனைவிக்கும் மூன்று நாள் விடுப்பு. திராட்சைத் தோட்டம் பார்த்து, ஒயின் ருசித்து, நல்ல சாப்பாடும் சாப்பிட்டுவர ஆசை. நாசிக் போகலாமா? இருவருக்கும் ஒயின் புதிது; மனைவி சைவம்.”

பிப்ரவரி சரியான மாதம். நாசிக்கை மட்டும் இம்முறை தள்ளிவையுங்கள். சென்னை சென்று, மும்பைக்கு விமானம் ஏறி, அங்கிருந்து மேலும் 170 கிலோமீட்டர் போவதற்குள் ஒரு நாள் கரைந்துவிடும். அதைவிட, விடியற்காலையில் காரில் கிளம்பி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரைக் கடந்து, நந்தி மலையை ஒட்டிய தொட்டபல்லாபூர்ப் பக்கம் பிற்பகலில் போய்ச் சேர்வது எளிது. 1988-இல் தொடங்கப்பட்டு இன்று குரோவர் சாம்பா எனப்படும் ஒயின் ஆலை அங்குதான் உள்ளது. இரண்டாம் நாளை முழுவதுமாக அதற்கே கொடுத்து, சுற்றிப்பார்க்க முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் உறங்கும் கொடி நம் வெயிலில் உறங்குவதில்லை. ஆகவே இங்கே கோடையில் ஒருமுறையும், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் காய்ப்புக்காக மறுமுறையும் கொடியை வெட்டிக் கவாத்து செய்கிறார்கள். மழை ஓய்ந்த பின் பழுத்துவரும் குலைகளின் அறுவடை பிப்ரவரியில் நடந்துகொண்டிருக்கும். அறுவடை இல்லாத மாதங்களில் போனால் எவர்சில்வர் தொட்டிகளைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். வழியோரத்தில் விற்கும் கறுப்புத் திராட்சை ‘பெங்களூர் புளூ’. நம் கம்பம் பன்னீர்த் திராட்சையைப் போல அது சாப்பிடுவதற்கு உகந்த பழம், நல்ல ஒயினுக்கு உரியதன்று.

ருசி பார்க்கும் நாளில் சென்ட்டும், மனைவியின் தலையில் மல்லிகைச் சரமும் வேண்டாம். ஒயினில் பாதிச் சுவை அதன் மணத்தில் இருக்கிறது, மல்லிகையோ அருகில் எதையும் மணக்க விடாது. வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடியுங்கள். வாயில் வைத்துச் சுழற்றியபின் துப்புவதற்கென்றே கிண்ணம் வைத்திருப்பார்கள். நமக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் அங்கே அது மரியாதைக் குறைவாகாது. கார் ஓட்டுபவர் துப்பினாலும் போதாது, ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். சிவப்பு ஒயினுக்கான சாறு திராட்சைத் தோலோடு சேர்ந்தே நொதிப்பதால் வாழைப்பூவைப் போல நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அதில் இறங்குகிறது. மிளகாய்க் காரத்தோடு அது சேர்ந்தால் எரிச்சல் கூடுமே தவிர ருசி கூடாது. காரமான பதார்த்தத்துக்குச் சற்றே இனிப்புள்ள ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினைக் கேளுங்கள். புதினா, கொத்தமல்லிச் சட்டினியோடு வரும் பனீர் டிக்காவுக்குச் சோவினியோன் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை ஒயின் பொருந்தும். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் குடிக்க விரும்பினால் மிளகாய் குறைத்து, மிளகு தூவிய காளான் வறுவல் சொல்லுங்கள்.

எல்லையில் மதுப்புட்டிகளுக்காக வண்டிகளைச் சோதிக்கும் கோரிமேட்டுச் சாவடியைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பும் வழியில் ஓசூரிலிருந்து நம் எல்லைவரை தமிழ்நாட்டுச் சாலைதான், வெளிமாநிலப் புட்டி அங்கே தொல்லை தரும். ஆகவே பிடித்த ஒயினைப் புட்டியாக வாங்கிக் காரில் அடுக்காமல், ஆலையிலேயே மதிய உணவோடு இன்னொரு கிளாஸ் வாங்கி அருந்திவிடுங்கள்.