இந்த ஆங்கிலம் சரியா? கேள்வி பதில்

கேள்வி: சார், மெயில் முடிவில் "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ" என்று போடுகிறேன். தப்பு என்கிறார் மேனேஜர். "டு"வுக்குப் பின் வெர்ப் அப்படியேதானே வரும்?

பதில்: மேனேஜர் சொல்வதுதான் சரி. "ஹியரிங்" என்று எழுதுங்கள். "ஐ வான்ட் டு கோ"வில் வரும் "டு" வினையைச் சேர்ந்தது. இங்கே வருவது ப்ரிபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் இடைச்சொல். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். "லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை" பொருந்துகிறதல்லவா? அப்படிப் பொருந்தினால் பெரும்பாலும் வினைக்கு "ஐஎன்ஜி" வரும். "யூஸ்டு டு" இரண்டு விதமாகவும் வரும். "ஐ யூஸ்டு டு டிரைவ்" என்றால் முன்பு ஓட்டினேன், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங்" என்றால் ஓட்டிப் பழகிவிட்டது.

கேள்வி: "டிஸ்கஸ் அபவுட்" சரியா?

பதில்: தவறு. "வீ டிஸ்கஸ்டு த பட்ஜெட்" போதும். "டிஸ்கஷன்" என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் "அபவுட்" வரலாம். குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது. "எம்ஃபசைஸ் ஆன்" என்பதும் இதே ரகம். அந்த "ஆன்" வேண்டாம்.

கேள்வி: "ஐ ஹேவ் சீன் ஹிம் இன் 2019" என்று எழுதியதற்கு மார்க் போய்விட்டது. ஏன்?

பதில்: எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் "ஐ சா ஹிம்" என்றுதான் வர வேண்டும். காலத்தைச் சொல்லாவிட்டாலோ, "திஸ் வீக்" போல இன்னும் முடியாத காலமாக இருந்தாலோ "ஹேவ் சீன்" வரலாம். தமிழில் "2019-ல் அவரைப் பார்த்திருக்கிறேன்" என்பது இயல்பான பேச்சு. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால்தான் நம்மில் பலருக்கு இது சறுக்குகிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் வாக்கியத்தில் முதலில் காலச்சொல்லைத் தேடுங்கள், வினையைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: "ப்ரீபோன்" என்று ஒரு சொல்லே கிடையாதாமே?

பதில்: உண்டு. குறித்த நேரத்துக்கு முன்னதாகவே வைத்துக்கொள்வது என்று பொருள். அகராதிகளிலும் இருக்கிறது. இந்திய அலுவலகங்களில் தயங்காமல் எழுதலாம். வெளிநாட்டவருக்குப் புரியாமல் போகலாம்; அவர்களுக்கு "மீட்டிங்கை மூவ் அப் செய்யலாமா" என்று கேளுங்கள்.

கேள்வி: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஆர்" சரியா மேடம்... மன்னிக்கவும், சார்?

பதில்: இரண்டு இடத்தில் தவறு. பலரில் ஒருவர் என்பதால் "ஃப்ரெண்ட்ஸ்" பன்மை. அந்த ஒருவரைப் பற்றிப் பேசுவதால் வினை ஒருமை: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்". ஆனால் "ஹீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் பீப்பிள் ஹூ வொர்க் அட் நைட்" என்னும்போது "வொர்க்" சரி. அங்கே "ஹூ" குறிப்பது "பீப்பிள்" என்பதை.